பேத்தி ஆடுவது எந்த ஊர் நடனம்?

கேள்வி: டொரண்டோவில் மகள் வீட்டில் 3 மாதம் இருந்துவிட்டு வந்தேன். பேத்தி 12 வருஷம் பரதம் கற்றவள், அரங்கேற்றமும் ஆயிற்று. இப்போது சலங்கை கட்டாமல், மிருதங்கமும் இல்லாமல், ‘தற்கால நடனம், புலம்பெயர்ந்தோர் அடையாளம்’ என்று ஏதோ ஆடுகிறாள். கடைசியில் தரையில் குந்தி உட்கார்ந்து மாவே இல்லாமல் கோலம் போட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கேயே பிறந்த பிள்ளைக்கு என்ன புலம்பெயர்வு? 2000 வருஷத்துப் பாரம்பரியத்தை இப்படிக் கெடுக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவள் எதையும் கெடுக்கவில்லை அம்மா. கோபம் வந்தாலும் பரவாயில்லை, முழுக்கப் படித்துவிடுங்கள்.

முதலில் அந்த 2000 வருஷம். வேர் பழையது, அதில் சண்டையில்லை. ஆனால் உங்கள் பேத்தி அரங்கேற்றத்தன்று அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடித்திருப்பாளே, அந்த வரிசை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சாவூர் அரண்மனையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் ஒழுங்குபண்ணி வைத்தது. சதிர் என்று இருந்த ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது 1930-களில். 1935-ல் அடையாறில் மேடையேறி, அடுத்த வருஷமே கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி முதலில் கற்றுக்கொண்டது பாலே. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா தூண்டிய பிறகுதான் நம் ஊர் ஆட்டத்தின் பக்கம் வந்தார். விசிறி மடிப்பு வைத்துத் தைத்த உடை, ஆடுகிறவருக்குப் பின்னால் நின்றே வாசித்தவர்களை மேடை ஓரத்தில் உட்கார வைத்தது, இதெல்லாம் அந்தக் காலத்து மாற்றங்கள். நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியது, உங்கள் பாட்டி பார்த்திருந்தால் அவருக்குப் புதுசாகத்தான் இருந்திருக்கும்.

கெடுத்தது யார் என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டால் அது வேறு இடத்துக்குப் போகும். இந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக உடம்பில் வைத்துக் காப்பாற்றியவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். மற்ற வீட்டுப் பெண்கள் மேடையேறத் தொடங்கிய அதே வருஷங்களில் அவர்களுடைய மேடை பறிபோனது, 1947-ல் மதராஸ் மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடைசெய்த சட்டம் கோயிலில் ஆடுவதையும் சேர்த்தே நிறுத்தியது, அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி மாதிரி மிகச் சிலர்தான் அதைத் தாண்டி நின்று ஆட முடிந்தது. வெளிநாட்டு நடன வகுப்புகளில் அடவு என்கிற அடிப்படை அசைவுகளோடு இந்தக் கதையும் சொல்லித்தரப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். பாரம்பரியம் என்று ஆடுகிற பிள்ளைக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று தெரிய வேண்டாமா?

கடல் தாண்டினதும் இன்றைக்கு நேற்றைக்கு இல்லை. 1838-லேயே கடலூர் பக்கம் திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகள் பாரிஸுக்கும் லண்டனுக்கும் போய் ஆடியிருக்கிறார்கள், அதில் அம்மணி என்ற பெண்ணுக்கு ஒரு பிரெஞ்சுச் சிற்பி வெண்கலச் சிலையே செய்தார். அந்தப் பெண்களைப் பற்றி எழுதினது பாரிஸ், லண்டன்காரர்கள். உங்கள் பேத்தி தன்னைப் பற்றித் தானே ஆடுகிறாள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம், இதை வெளிநாட்டுப் பிள்ளைகளின் சேட்டை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையிலேயே இருந்த நடனக் கலைஞர் சந்திரலேகா. 1952-ல் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக மேடையில் ஆடுகிறார். பாட்டில் யமுனை பாய்கிறது, கை நீரை அள்ளுகிறது, தெளிக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே வெடித்துக் கிடக்கும் நிலமும் குடத்தோடு நிற்கும் ஜனங்களும் நினைவுக்கு வர, கை காட்டுவதற்கும் வெளியே நடப்பதற்கும் சம்பந்தமே இல்லையே என்று அந்த இடத்திலேயே உறைந்துபோனார். அந்த உறுத்தல்தான் அவரை 1985-ல் பரதத்தோடு களரி என்ற கேரளத் தற்காப்புக் கலையும் யோகமும் சேர்ந்த ‘அங்கிகா’ என்ற படைப்பு வரை கொண்டுபோனது. டொரண்டோவில் பனி கொட்டுகிற பிப்ரவரியில், தமிழ்ப் பதத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் பண்ணி, பார்த்தே இராத தோப்பில் வராத தலைவனுக்காகக் காத்திருப்பதாக அபிநயம் பிடிக்கிற பெண்ணுக்கு அந்த மாதிரி உறுத்தல் ஒருநாள் வராதா? வரட்டும் என்பேன்.

அங்கேயே பிறந்த பிள்ளைக்கு என்ன புலம்பெயர்வு என்கிறீர்கள். பெட்டியோடு விமானம் ஏறினவர் அவள் அம்மா, சரி. ஆனால் பிறந்த ஊரிலேயே ‘நீ உண்மையில் எந்த ஊர்?’ என்று கேள்வி கேட்கப்படுவது அவள்தான், லீவுக்கு இங்கே வந்தால் ‘கனடாக்காரி’ ஆகிவிடுவதும் அவள்தான். லண்டனில் பிறந்து வட இந்திய நடனமான கதக் கற்ற அக்ரம் கான், அப்பா அம்மா பங்களாதேஷிலிருந்து போனவர்கள், 2011-ல் ‘தேஷ்’ என்று தனியாளாக ஒரு நிகழ்ச்சி செய்தார். மழித்த தன் உச்சந்தலையில் கண், வாய் என்று ஒரு முகம் வரைந்துகொண்டு தலையைக் கவிழ்க்கிறார். அவ்வளவுதான், சமையற்காரரான அப்பா நம் முன்னால் நிற்கிறார். நிமிர்ந்தால் மகன், குனிந்தால் அப்பா, ஒரே உடம்பு. அங்கே பிறந்த பிள்ளையின் புலம்பெயர்வு என்னவென்று எனக்குப் புரிந்தது அந்தத் தலையைப் பார்த்துத்தான்.

இன்னும் கிட்டத்தில் ஒன்று. அமெரிக்காவின் மினியாபொலிஸில் அம்மா, அக்காவோடு ராகமாலா நடனக் குழுவை நடத்தும் அஷ்வினி ராமசாமி, 2019-ல் நாம் முன்னோரை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைப்பதை எடுத்து ஒரு படைப்பு செய்தார். முதலில் அவர் பரதமாக ஆடுகிறார். பரதம் பயிலாத வேறு நடனப் பின்னணியுள்ள இரண்டு பெண்கள் அதையே தங்கள் தங்கள் உடம்பில் வாங்கி மறுபடி ஆடுகிறார்கள். ஒரே நினைவு ஆளுக்கு ஆள் மாறிப்போவதைக் கண்முன்னால் பார்க்கலாம். அமாவாசைக்கு மாடியில் இலை போட்டு ‘கா கா’ என்று கூப்பிடுகிற நமக்கு இதில் அந்நியம் என்ன இருக்கிறது?

‘அடையாளம்’ என்று தலைப்பு வைத்தால் மட்டும் ஆட்டம் நன்றாகிவிடாது, அதையும் சொல்கிறேன். மேடையில் ஒரு சூட்கேஸை இழுத்து வந்து, நடுவில் நாலு அடவு, பின்னால் பாட்டியின் குரல் ஒலிப்பதிவு என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. முழங்காலை மடக்கி நிற்கிற அரைமண்டி தளர்ந்திருந்தால், முகத்தில் ஒன்றும் ஓடாவிட்டால், புதுசு என்பதற்காக நான் கைதட்ட மாட்டேன். உங்கள் பேத்தியை அந்தக் கண்ணோடு பாருங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள், 12 வருஷம் உழைத்தவள் தாங்கிக்கொள்வாள். சலங்கை எங்கே என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள்.

ஒன்றும் புரியவில்லை என்று எழுதினாலும் அந்த மாவில்லாத கோலம் உங்களுக்கு மறக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, விரலிடுக்கில் மாவு இழைய, கையைத் தரையில் படாமல் ஓட்டுவதை அவள் யாரிடம் பார்த்திருப்பாள்? லீவுக்கு வந்தபோது உங்கள் வாசலில் பார்த்திருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணும்போது சாப்பாடு, படிப்பு எல்லாம் விசாரித்த பிறகு, அது எத்தனை புள்ளிக் கோலம் என்று அவளிடம் கேளுங்கள்.