செயின் சா வலது பக்கமா இழுக்குதா? புது செயின் வாங்கிடாதீங்க

தம்பி, தென்ன அறுக்கறப்போ சா வலது பக்கமா வளஞ்சு போகுது, மாவு மாதிரி தூள் கொட்டுது, புது செயின் போடணுமான்னு கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் தேவப்படாது. எந்தப் பக்கப் பல்லு கூரா இருக்கோ அந்தப் பக்கம்தான் சா இழுக்கும், அதனால உங்க இடது பக்கப் பல்லுதான் மழுங்கிருக்கு. கைவாகு இல்லாத பக்கத்த நம்மாளுக ஏனோதானோன்னுதான் ராவுவாங்க, நானும் அப்படித்தான்.

ஸ்பார்க் பிளக் கேப்ப கழட்டிட்டு, செயினுக்கேத்த உருட்டு அரத்தால (0.325 இஞ்ச் அளவு செயின்னா 4.8 எம்எம்) பல்லு மேலயே இருக்கற 30 டிகிரி கோட்ட பாத்து உள்ளேருந்து வெளிய மட்டும் தள்ளுங்க, இழுக்கறப்போ அரத்த தூக்கிடுங்க, ரெண்டு பக்கப் பல்லும் ஒரே நீளம் வரணும்.

அப்பறமும் இழுத்தா, செயின் சுத்தி ஓடற தகடு இருக்கே, அந்த பார் தேஞ்சிருக்கும்.

2018ல கஜா புயலுக்கு அப்பறம் பட்டுக்கோட்ட பக்கம் சாஞ்சு கெடந்த மரத்தயெல்லாம் அறுத்தப்போ ரெண்டு மரத்துக்கு ஒருக்கா அரம் போட்டோம், அவ்ளோ மண்ணு. அடிமரத்துல ஒட்டியிருக்கற சேத்த அருவாளால செதுக்கிட்டு அப்பறம் சாவ வைங்க.