250 ரூபா டிஷர்ட்டா, 1,500 ரூபா டிஷர்ட்டா?

கேள்வி: சார், எனக்கு 31 வயசு, சென்னைல வேலை, கைக்கு 48,000 வருது. மனைவி, 4 வயசு பையன். போன ஆடி தள்ளுபடில 250 ரூபா டிஷர்ட் ஆறு எடுத்தேன், ஆறே மாசத்துல எல்லாம் கழுத்து தொங்கிடுச்சு. ஆபீஸ்ல எல்லாரும் 1,500க்கு நல்ல பிராண்டா எடு, வருஷக்கணக்குல வரும்ங்கறாங்க. ஆறுக்கும் 9,000 ஆகுது, ஈஎம்ஐ போட்டு எடுக்கலாமா?

பதில்: ஈஎம்ஐ வேணாங்க. நோ காஸ்ட்னு போட்டிருந்தாலும் நிறைய கார்டுல ப்ராசஸிங் ஃபீ, அது மேல 18% ஜிஎஸ்டின்னு வந்துடும், ஒரு மாசம் பில்ல முழுசா கட்ட முடியலைன்னா மாசம் 3 பர்சென்ட்டுக்கு மேல வட்டி ஓடும். தினம் உடுத்தற துணிய கடன்ல வாங்கற பழக்கம் உங்களுக்கு வரவே கூடாது.

உங்க வருஷ சம்பளம் 5,76,000. அதுல 3 பர்சென்ட், சுமாரா 17,000, தீபாவளி பொங்கல் கல்யாண வீடுன்னு மூணு பேர் துணிக்கும் சேர்த்து அவ்ளோதான்னு நான் வச்சுக்க சொல்வேன், அதுல உங்க டிஷர்ட்டுக்கு 3,000. இப்ப பாருங்க, 250 ரூபாய வாரம் ஒரு தடவைன்னு 25 தடவை போட்டீங்க, ஒரு தடவைக்கு 10 ரூபா ஆச்சு. 600 ரூபா டிஷர்ட் ரெண்டு வருஷம் தாங்குச்சுன்னா 100 தடவை, 6 ரூபா. 1,500 ரூபாய 120 தடவை போட்டாக்கூட 12.50 வருது, அதாவது நீங்க தூக்கிப்போட்டதை விட அது காஸ்ட்லி.

நான் திருப்பூர்க்காரன், எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தராவது பனியன் கம்பெனிக்கு போறவங்க, அதனால காசு எங்க போகுதுன்னு கொஞ்சம் தெரியும். பழைய டிஷர்ட் ஒண்ண தரைல விரிச்சு பாருங்க, சைடு தையல் அக்குள்ல இருந்து நேரா இறங்காம தொப்புள் பக்கமா திரும்பியிருக்கும். நூல்ல இருக்கற முறுக்கு துவைக்க துவைக்க துணிய இழுக்குது, துணிய சரியா தளர விடாம அவசரமா கட் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். நல்லதுல குட்டை இழையெல்லாம் சீவி எடுத்த காம்ப்டு நூல் போடுவாங்க, பயோ வாஷ் குடுத்து மேல இருக்கற பஞ்சு ரோமத்த எடுப்பாங்க, கழுத்துப் பட்டைல, அதாங்க ரிப்ல, இழுத்தாலும் திரும்பி வர்ற லைக்ரா நூல் சேர்ப்பாங்க, உள்பக்கம் ஒரு தோள்ல இருந்து இன்னொரு தோள் வரைக்கும் டேப் வச்சு தைப்பாங்க. பிளெயின் டிஷர்ட்டுக்கு இதெல்லாம் 500, 700க்குள்ளயே கிடைச்சிடும், அதுக்கு மேல குடுக்கறதுல பெரும்பகுதி லோகோவுக்கும் ஷோரூம் வாடகைக்கும்தான் போகுதுங்கறது என் கணக்கு. ஜிஎஸ்எம், அதாங்க ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, 180 இருந்தா போதும். 240னு கனமா எடுத்து சென்னை வெயில்ல போட முடியாம பீரோல வச்சிருந்தா அது எத்தனை வருஷம் உழைச்சு என்ன.

ஆறையும் ஒண்ணா எடுக்காதீங்க. ஒண்ணு மட்டும் வாங்கி, போடறதுக்கு முன்னாடி இஞ்ச் டேப்புல உயரம் எழுதி வச்சுக்கிட்டு மூணு தடவை துவைச்சு திரும்ப அளந்து பாருங்க, 28 இஞ்ச் உயரத்துல ஒரு இஞ்சுக்கு மேல குறையாம இருந்து தையலும் நேரா நின்னா அதே கடைல அதே ரகத்துல இன்னும் நாலு எடுத்துக்கலாம்.

பையனுக்கு இந்த கணக்கு பொருந்தாதுங்க, துணி கிழியறதுக்குள்ள அவன் வளர்ந்துடுவான், 200 ரூபாய்க்கு மேல போக வேண்டியதே இல்ல, மெத்துன்னு இருந்து உடம்ப உறுத்தாம இருந்தா சரி.

திருப்பூர் பக்கம் வந்தா காதர்பேட்டைல எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாங்க ஏற்றுமதிக்கு தைச்சு மிஞ்சினது, பாருங்க, ரொம்ப கம்மி விலைல நல்ல துணி மாட்டும். ஆனா எடுத்தத பெரும்பாலும் மாத்த முடியாது, வெளிநாட்டு அளவுல எம்-னு போட்டிருக்கறது நம்மாளுக்கு எல் மாதிரி தொளதொளன்னு இருக்கும், லேபிள நம்பாம உங்களுக்கு கச்சிதமா இருக்கற பழைய டிஷர்ட் ஒண்ண கைல எடுத்துட்டு போய் மேல வச்சு பார்த்து எடுங்க.