ஷிப்ட் மாறும் நேரம்

கேள்வி: ஒருவர் அன்றாடம் செய்யும் சின்னச் சின்னக் காரியங்களை வைத்து அவர் குணத்தையும் யோசிக்கும் விதத்தையும் சொல்லிவிட முடியுமா?

ஓரளவுக்கு முடியும், எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து. எங்களுக்குப் பல்லடம் பக்கம் தறிக்குடோன். அப்பா காலத்திலிருந்து கூலி நெசவுதான். அங்கே ஆட்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த கருத்து இது.

டீயில் எவ்வளவு சர்க்கரை, கையெழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, செருப்பு எங்கே தேய்கிறது என்று வாட்ஸப்பில் சுற்றும் ஜோசியத்தை முதலில் தள்ளிவிடுங்கள். 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்து, சில நாள் கழித்து ஆளுக்கொரு தாளில் 'உங்கள் குணம் இதுதான்' என்று எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26! அத்தனை தாளிலும் இருந்தது ஒரே வாசகம், அதுவும் பெரும்பாலும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

காசு விஷயமும் ஏமாற்றும். பேக்கரியில் (எங்கள் பக்கம் டீக்கடையே பேக்கரிதான்) ஒருத்தர் மட்டும் பர்ஸை எடுக்க மாட்டார். உடனே கஞ்சன் என்று பேர் வைத்துவிடுவோம். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்குகிற ஆளுக்கு வியாழக்கிழமை பர்ஸில் என்ன இருக்கும்? அதே ஆள் சனிக்கிழமை சாயங்காலம் கூட இருப்பவர்களுக்கெல்லாம் பப்ஸ் சொல்வார். கையில் இல்லாதபோது செய்வதை வைத்து ஒருவரை எடை போடக் கூடாது என்பது என் கட்சி.

நான் கவனிப்பது ஷிப்ட் மாறும் நேரத்தை. விசைத்தறியில் ஓடின மீட்டருக்குத்தான் கூலி. பகல் ஆள் கிளம்பப் போகிற நேரத்தில் பாவில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில்) ஒரு இழை அறுந்தால், அதைத் தேடிப் பிடித்து, கோத்து, முடிச்சுப் போட்டுவிட்டுப் போவதால் அவருக்குப் பத்துப் பைசா பிரயோசனம் இல்லை. விட்டுப் போனாலும் உடனே யாருக்கும் தெரியாது. துணியில் நீளமாக ஒரு கோடு விழுந்திருப்பது மடிக்கும்போதுதான் கண்ணில் படும். அப்புறம் அது யார் ஷிப்ட் என்று ஒரு பஞ்சாயத்து. குறுக்கு நூல் சுற்றின குச்சிதான் தார், அதைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடுவது நாடா. தார் தீர்ந்த நாடாவை அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வருகிறவருக்கு ரொப்பின தாரை மாட்டி வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

எங்களிடம் ஓர் அக்கா வேலை பார்த்தார். முகம் கொடுத்துப் பேச மாட்டார். கூலியில் குறைந்தால் எல்லார் முன்னாலும் சத்தம் போடுவார். ஆனால் இரவு ஆள் வந்து நின்றால், "மூணாந் தறி இன்னிக்குப் பூரா இழை அறுத்துட்டே இருக்குதுங்க, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லாமல் சாப்பாட்டுக் கூடையை எடுத்ததில்லை. அதே குடோனில் "ஏனுங் மொதலாளி, சாப்டாச்சுங்களா?" என்று தேனாகப் பேசுகிற ஒருவர் விட்டுப் போன தறியைச் சரிபண்ணுவதிலேயே அடுத்த ஆளுக்குப் பாதி ராத்திரி போய்விடும். தனக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்கப் போகிறார் என்ற நினைப்பு மண்டையில் ஓடுகிறதா என்பதுதான் நான் பார்ப்பது. கனிவான பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் முறைத் தண்ணீர் பாய்ச்சுகிற இடத்திலும் இதைப் பார்க்கலாம். தன் நேரம் முடிந்ததும் யாரும் வந்து கூப்பிடாமலே மடையைத் திருப்பிவிடுகிறவர் ஒரு ரகம். அடுத்த தோட்டத்துக்காரர் டார்ச் லைட்டோடு வந்து நிற்கிறவரை அசையாதவர் இன்னொரு ரகம்.

இதையும் ஒரே நாளில் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஊருக்குப் போகிற கடைசி பஸ் ஆரன் அடித்தால் அந்த அக்காவே சொல்லாமல் ஓடியிருக்கலாம். ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகிக்கொண்டிருந்தார். அது ஏற்பாடு. நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அத்தனை பேரும் ஊழியத்துக்குப் படிக்கிறவர்கள்.

ஓட்டலில் சர்வரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்கச் சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஆனால் இப்போது அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைகள் சர்வருக்குத் தேங்க்ஸ் சொல்லிவிட்டுத்தான் மெனு கார்டையே திறக்கிறார்கள்.

நம் பெரியவர்கள் சம்பந்தம் பேசும் முன் பையன் ஊர் பேக்கரியில் விசாரிப்பார்கள், பிறகு உரக்கடையில், பிறகு பக்கத்துத் தோட்டத்தில். "கொடுக்கல் வாங்கல் எப்படிங்க?" என்பதுதான் கேள்வி. பல வருசம் பல பேர் பார்த்ததைத் திரட்டுகிற வேலை அது, அரை மணி நேரம் நேரில் பேசுவதைவிட மேல். ஒரு சிக்கல்: நல்ல காரியத்தைக் கெடுப்பானேன் என்று ஊர்க்காரர்கள் "தங்கமான பையனுங்க" என்றே முடித்துவிடுவார்கள். அந்தப் பையனிடம் கூலிக்கு நின்று விலகியவர் யாராவது இருப்பார். அவரைத் தேடிப்பிடித்து, கடைசி வாரச் சம்பளம் கைக்கு வந்ததா என்று கேளுங்கள்.