வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதுவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கட்டுரையில் காப்பி இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளான டர்னிட்டினில் எனக்கு 9% தான் வந்தது. 10% வரை பிரச்சினை இல்லை என்றுதான் ஊரில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனாலும் விசாரணைக்கு வரச்சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஏன்? (முதுகலை மாணவி, இங்கிலாந்து)

10% என்பது இந்தியக் கணக்கு. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் கொண்டுவந்த விதிமுறையில்தான் 10% வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40, 60 என்று படிகள் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் நாடு முழுவதற்கும் பொதுவான அப்படியொரு எல்லை கிடையாது. டர்னிட்டின் சொல்வது, உங்கள் சொற்களில் எவ்வளவு வேறெங்கோ இருக்கிறது என்பதை மட்டும்தான். அது திருட்டா இல்லையா என்று முடிவு செய்வது அறிக்கையைத் திறந்து பார்க்கும் ஆசிரியர். 25% வந்தும் அதில் பெரும்பகுதி நூற்பட்டியலும் கேள்வித்தாளின் வரிகளுமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. 9% முழுவதும் ஒரே கட்டுரையிலிருந்து வந்த இரண்டு பத்திகளாக இருந்தால் விசாரணைதான்.

பெரும்பாலும் நடப்பது அப்பட்டமான காப்பி அல்ல. மூல வாக்கியத்தை எதிரே வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுவது. உதாரணத்துக்கு, மூலம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "சிறுகடன் திட்டங்கள் பெண்களின் வருமானத்தைக் கூட்டினாலும், வீட்டில் முடிவெடுக்கும் உரிமையை அதே அளவு மாற்றுவதில்லை." இதை "குறுங்கடன் திட்டங்கள் மகளிரின் வருவாயை உயர்த்தினாலும், குடும்பத்தில் தீர்மானிக்கும் உரிமையை அதே அளவில் மாற்றுவதில்லை" என்று எழுதினால், கீழே ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டிருந்தாலும் தப்புதான். எலும்புக்கூடு அவருடையது. "கையில் பணம் வருவதாலேயே வீட்டில் பெண்ணின் பேச்சு எடுபட்டுவிடாது என்பது இன்னாரின் வாதம்" என்று எழுதி ஆண்டைக் குறித்தால் சரி.

வழி இதுதான். பத்தியை இரண்டு தடவை படியுங்கள். மூடி வையுங்கள். அதன் சாரத்தை நண்பருக்குச் சொல்வதுபோல் தமிழிலேயே இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள், பக்க எண்ணோடு. அந்தக் குறிப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகுதான் மூலத்தைத் திறந்து, பொருள் பிசகவில்லையா, நாலைந்து சொற்கள் தொடர்ச்சியாக ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒத்துப்போகும் தொடர் தவிர்க்க முடியாததென்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

இந்தத் தவறு சோம்பலால் மட்டும் வருவதல்ல. முன்னோரின் கருத்தை மட்டுமல்ல, சொல்லையும் பொன்போல் போற்றுகிறோம் என்பதற்காகவே பழைய சூத்திரத்தை அப்படியே எடுத்தாளலாம் என்று நன்னூல் பாயிரம் சொல்கிறது. புத்தகத்து வரியை மாற்றாமல் எழுதினால் முழு மதிப்பெண் தரும் தேர்வுகளில் பன்னிரண்டு வருடம் பழகியும் வந்திருக்கிறோம். ஆனால் விசாரணைக் குழு முன்னால் இந்த விளக்கம் தனியாக எடுபடாது. உங்கள் கைக்குறிப்புகள், வரைவுகள், கூகுள் டாக்ஸ் அல்லது வேர்டில் உள்ள திருத்த வரலாறு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். போகும் முன் மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவைப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் கட்டணமில்லாமல் உதவுவார்கள். கூட்டத்துக்குக் கூடவே வருவதும் உண்டு.

"விவரணை அதிகம், விமர்சனப் பார்வை இல்லை" என்று எழுதி 58 போட்டிருக்கிறார்கள். பெரிய பேராசிரியர்களை நான் எப்படிக் குறை சொல்வது? (எம்எஸ்சி மாணவர், இங்கிலாந்து)

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்: பிரிட்டனில் முதுகலைக்குத் தேர்ச்சி பொதுவாக 50, 70-ஐத் தொட்டாலே டிஸ்டிங்ஷன். 58 என்பது நம்மூர் 58 அல்ல.

குறை சொல்லச் சொல்லவில்லை, எடைபோடச் சொல்கிறார்கள். நம் உரையாசிரியர்கள் இதைத்தான் செய்தார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முந்தைய இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கிறார்; தடையும் விடையுமாகக் காரணம் காட்டி மறுக்கிறார். மரியாதை குறையவில்லை. அந்தப் பழக்கத்தை ஆங்கிலக் கட்டுரைக்குள் கொண்டுபோங்கள்.

உங்கள் கட்டுரையில் "இன்னார் இப்படிச் சொல்கிறார், இன்னொருவர் அப்படிச் சொல்கிறார்" என்று பத்திக்கு ஓர் ஆள் வீதம் வரிசை கட்டி நிற்கிறதா பாருங்கள். அதுதான் விவரணை. எழுதும் முன் ஓர் அட்டவணை போடுங்கள்: யார், என்ன வாதம், என்ன தரவு, எந்த நாடு, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் எடுத்தது, எது விடுபட்டது. கிடையாக அல்ல, அட்டவணையின் கடைசி நான்கு நெடுவரிசைகளைச் செங்குத்தாகப் படித்தால் முரண்பாடுகள் தாமாகத் தெரியும். அந்த முரண்பாடு ஒவ்வொன்றும் கட்டுரையில் ஒரு பத்தி. பத்தியின் முதல் வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும், ஆசிரியர் பெயரில் தொடங்க வேண்டாம். அடுத்து ஆதாரம், அடுத்து அந்த ஆதாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்ற மதிப்பீடு: "நகரத்து 40 பேரிடம் எடுத்த நேர்காணலைக் கொண்டு கிராமத்துக்கும் சேர்த்து முடிவு சொல்ல முடியாது" என்பது போல.

2,000 சொல் கட்டுரை என்றால் முன்னுரை 200, முடிவுரை 200, நடுவில் 200 சொல் வீதம் எட்டுப் பத்திகள் என்று வைத்துக்கொள்ளலாம். "இன்றைய உலகமயமாதல் சூழலில்" என்று தொடங்கும் பத்தியை வெட்டிவிடுங்கள். உங்கள் முடிவு முதல் பத்தியிலேயே தெரிந்துவிட வேண்டும். கடைசிவரை பொத்திவைத்தால் திருத்துபவர் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "ரெஸ்பெக்டட் சார்" போடலாமா? (இளங்கலை மாணவி, அயர்லாந்து)

யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் வேண்டாம். "டியர் டாக்டர்" என்று எழுதிக் குடும்பப்பெயரைச் சேருங்கள். அவர் பதிலில் முதற்பெயரை மட்டும் போட்டுக் கையொப்பமிட்டால், அடுத்த முறை நீங்களும் அப்படியே அழைக்கலாம். "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" வேண்டவே வேண்டாம். "ஐ ஹாவ் எ டவுட்" என்றால் அங்கே 'நீங்கள் சொன்னதை நம்பவில்லை' என்று தொனிக்கும். "க்வெஸ்டியன்" என்று எழுதுங்கள். பாடத்தின் குறியீட்டு எண் பொருள் வரியில் இருக்கட்டும், கேள்வி முதல் மூன்று வரிக்குள் வந்துவிடட்டும்.

அறைத்தோழனுக்கு என் அசைன்மென்ட்டை "மாதிரிக்கு" கொடுத்தேன். இருவருக்கும் நோட்டீஸ். நான் எழுதினது சொந்தமாகத்தானே? (மாணவர், ஆஸ்திரேலியா)

கொடுத்தவரும் பொறுப்பு என்பதுதான் அங்கே விதி. ரெக்கார்ட் நோட்டைக் கை மாற்றுவது நம் கல்லூரிகளில் நட்பு. அங்கே அதற்குக் கூட்டுமோசடி என்று பெயர். யார் எப்போது எழுதினார்கள் என்பதைக் கோப்பின் திருத்த வரலாறு காட்டும். அதைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இனி உதவுவதென்றால் தலைப்பைப் பற்றிப் பேசுங்கள், எந்த நூலைப் படிக்கலாம் என்று சொல்லுங்கள். கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள்.

காசுக்கு எழுதித் தரும் இணையதளங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அந்தச் சேவையை விற்பது ஆஸ்திரேலியாவில் 2020-லும் இங்கிலாந்தில் 2022-லும் இயற்றிய சட்டங்களின்படி குற்றம். வாங்கிய பிறகு "பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவோம்" என்று மிரட்டி மேலும் பணம் பறிப்பதும் நடக்கிறது.

கனடாவில் ஒரு ரைட்டிங் சென்டரில் (மாணவர்களின் கட்டுரை எழுத்துக்கு உதவும் மையம்) டியூட்டராக இருக்கிறேன். சீனா, ஜப்பான், வியட்நாம் மாணவர்கள் "கிராமர் மட்டும் பாருங்கள்" என்கிறார்கள். வாதமோ எங்கோ சுற்றி வருகிறது. எங்கே தொடங்குவது? (ஆய்வு மாணவி)

மொழியியலாளர் ராபர்ட் காப்ளன் 1966-இல், ஆங்கிலப் பத்தி நேர்க்கோடு, ஆசியப் பத்தி சுருள் என்று படம் போட்டே காட்டினார். எளிதில் மனதில் ஒட்டிக்கொள்ளும் படம், அதனாலேயே ஆபத்தும். சீனம், கொரியம் என்று எல்லாவற்றையும் ஒரே சுருளில் அடைத்துவிட்டார் என்ற விமர்சனம் நியாயமானது. டியூட்டருக்குக் கூடுதலாக உதவுவது 1987-இல் இன்னொரு மொழியியலாளர் ஜான் ஹைண்ட்ஸ் சொன்ன பிரிவினை: ஆங்கிலத்தில் புரியவைக்கும் பொறுப்பு எழுதுபவருக்கு, ஜப்பானிய எழுத்தில் புரிந்துகொள்ளும் பொறுப்பு பெரிதும் வாசகருக்கு. இதையும் மாணவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பொருத்தாதீர்கள். "உங்கள் ஊரில் நல்ல கட்டுரை என்றால் முடிவு எங்கே வரும்?" என்று அவரிடமே கேளுங்கள்.

45 நிமிடம் இருந்தால் முதல் பத்து நிமிடம் வரைவைத் தொடவே வேண்டாம். கேள்வித்தாளையும் மதிப்பெண் அளவுகோலையும் சேர்ந்து படியுங்கள். பிறகு, "பேராசிரியர் ஒரே வாக்கியம்தான் படிப்பார் என்றால் எதைப் படிக்க வேண்டும்?" என்று கேட்டு, அதை அவர் கையாலேயே அடிக்கோடிடச் சொல்லுங்கள். பல நேரம் கோடு கடைசிப் பத்தியில் விழும். அதை முன்னால் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது.

இலக்கணத்தை ஒதுக்காதீர்கள்; கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது சரியல்ல. ஒரு பக்கத்தில் ஒரே வகைப் பிழையை மட்டும் எடுங்கள், காலமோ ஒருமை பன்மையோ. முதல் இரண்டைக் காட்டிவிட்டு, மூன்றாவதை அவரே கண்டுபிடிக்கட்டும். "தி", "எ" பிழைகளை மட்டும் சீக்கிரம் தீர்க்க முடியாது. பொருள் மாறும் இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

"புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்காகவே ஆமாம் வரும். "இப்போது முதலில் எதை மாற்றப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டபின் பத்து விநாடி பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நிரப்பும் ஆசை எல்லா டியூட்டருக்கும் வரும். நிரப்பினால் கட்டுரை உங்களுடையதாகிவிடும்.

தமிழ் ஆசிரியர்களை நூற்பட்டியலில் எப்படிப் போடுவது? முன்னால் இருப்பது அப்பா பெயரின் இனிஷியல்தானே? (ஆய்வு மாணவர், அமெரிக்கா)

அச்சில் உள்ளபடியே போங்கள். கா. சிவத்தம்பி என்றால் "சிவத்தம்பி, கா." என்றே வரும், அவர் பெயரே முதலில் நிற்பதால் சிக்கல் இல்லை. அப்பா பெயரைக் கடைசியில் விரித்து எழுதியவர்களைத் தரவுத்தளங்கள் அந்தப் பெயரிலேயே அடுக்கும். அதை நீங்களாகத் திருத்தினால் வாசகரால் தேடி எடுக்க முடியாது. உங்கள் சொந்தப் பெயருக்கு முதல் ஆய்வுக்கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவுசெய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்க்கிட் (ORCID) எண் ஒன்றை இலவசமாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.