மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 421 மதிப்பெண். அறிவியலில் 93, கணக்கில் 68. டாக்டராக வேண்டும் என்கிறாள். இன்ஜினீயரிங்கும் கையில் இருக்கட்டும் என்று பயாலஜி–கணக்கு குரூப் எடுக்கச் சொல்கிறார் என் அண்ணன். கீழே ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தால் நீட் பயிற்சியும் கொடுப்பார்களாம். நகையை அடகு வைத்துச் சேர்க்கலாமா?
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: வேண்டாம் சகோதரி. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

குரூப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்றவற்றுக்கும் வந்துவிட்டது. இதில் இடம் பெறுகிறவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கடைசி இரண்டு ஆண்டுகள் பள்ளி மாறினால் ஐந்து ஆண்டு அரசுப் பள்ளியில் படித்ததற்கு இந்த ஒதுக்கீட்டில் பலனே இல்லாமல் போகும். அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தக் கணக்கில் வராது. பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

2021-ல் என் வகுப்பிலிருந்த ஒரு பெண், உங்கள் மலைக்காரப் பெண்தான், இப்படித்தான் தனியார் பள்ளிக்குப் போனாள். அப்பாவும் மகளும் விடைபெற வந்தபோது “நன்றாகப் படி கண்ணு” என்று வாழ்த்தி அனுப்பினேன். ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2023-ல் அவள் நீட்டில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு 7.5-இல் இடம் கிடைத்திருக்கும். பொதுப் பட்டியலில் கிடைக்கவில்லை. அந்தத் தகப்பனின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது குரூப். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. உயிரியலுக்கு அங்கே இடமில்லை. நீட்டில் 720-க்கு உயிரியல் மட்டும் 360. கணக்கு இல்லவே இல்லை. இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓடினால் உழைப்பு இரட்டிப்பாகும். கணக்குதான் எனக்குச் சோறு போட்ட பாடம், இருந்தாலும் சொல்கிறேன்: அந்த 68 எப்படி வந்தது என்று பாருங்கள். அவளுடைய கணக்கு ஆசிரியரிடமே கேளுங்கள். வரைபடத்திலும் வடிவியலிலும் கவனக்குறைவால் போன மதிப்பெண் என்றால் பயாலஜி–கணக்கு எடுக்கட்டும், சமாளிப்பாள். இயற்கணிதமே தடுமாறுகிறது என்றால், பிளஸ் ஒன் கணக்கு அவளுடைய இரவுகளைத் தின்றுவிடும்; உயிரியலுக்கு நேரம் இருக்காது. அப்போது தாவரவியல், விலங்கியல் உள்ள ப்யூர் சயின்ஸ் குரூப்பே நல்லது. பொறியியல் வாசல் மூடும், உண்மைதான். ஆனால் வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை மருத்துவம் எல்லாம் திறந்திருக்கும். அவற்றுக்கு நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். காப்பிச் செடிக்கு நடுவில் வளர்ந்த பெண்ணுக்குத் தோட்டக்கலை ஒன்றும் குறைந்த படிப்பல்ல. ஏற்காட்டிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, ஒருநாள் அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

எந்த குரூப் எடுத்தாலும் பிளஸ் ஒன் புத்தகத்தை ஒதுக்கிவைக்க வேண்டாம். நீட் வினாக்கள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வரும்.

மலையில் அவள் கேட்கும் குரூப் இல்லையென்றால் சேலத்தில் வேறொரு அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ சேருங்கள். ஒதுக்கீடு அப்படியே இருக்கும். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் பிள்ளை சோர்ந்துபோவாள், அரசு மாணவியர் விடுதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அவள் கல்லூரிக்குப் போனதும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

தனியார் பள்ளிக்காக மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், நாளைக் காலை வேலைக்குப் போகுமுன் தலைமையாசிரியரைப் பார்த்து அந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.