கலைஞர் நூல்களும் கையால் செய்த இதழ்களும்: கேளுங்கள், சொல்கிறேன்

பல்கலைக்கழக நூலகத்தில் இந்தச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்பவன் நான். கலைஞர் நூல் என்றால் ஓவியர் போன்ற ஒரு கலைஞர் புத்தகத்தையே தன் கலைப்படைப்பாகச் செய்தது. வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கலைஞர் நூல் என்றால் கையால்தான் செய்திருக்க வேண்டுமா?

இல்லை. அமெரிக்க ஓவியர் எட் ரூஷே 1963-ல் பெட்ரோல் பங்க் படங்களை மட்டும் வைத்துப் போட்ட புத்தகம் சாதாரண ஆஃப்செட் அச்சுதான், முதல் பதிப்பு 400 பிரதி. புத்தகம் என்ற வடிவத்தையே கலைஞர் படைப்பாக்கியிருக்கிறாரா என்றுதான் பார்ப்போம். 1913-ல் கவிஞர் பிளேஸ் சாந்த்ராரும் ஓவியர் சோனியா தெலோனேயும் செய்த நூல் மடிப்பை விரித்தால் சுமார் 2 மீட்டர் நீளும். 150 பிரதி போட்டு, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டினால் ஈஃபிள் கோபுர உயரம் வர வேண்டும் என்பது திட்டம். அத்தனையும் செய்து முடிக்கவில்லை.

கேள்வி: கையெழுத்துப் பத்திரிகை ஓரம் கிழிகிறது, லேமினேட் செய்யலாமா?

கூடாது. உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் உரிப்பது பெரும்பாடு. செலோடேப்பும் கூடாது, பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

கேள்வி: வெள்ளைக் கையுறை கட்டாயமா?

தாளுக்கு வேண்டாம். துணிக்கையுறைக்குள் விரலுக்கு ஓரம் தட்டுப்படாது, அப்படித்தான் பக்கம் கிழிகிறது. கழுவி நன்றாகத் துடைத்த கை போதும். புகைப்படம், உலோகம் இருந்தால் நைட்ரில் (மெல்லிய செயற்கை ரப்பர்) கையுறை.

கேள்வி: ஜெராக்ஸ் இதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன், சரிதானே?

எந்தப் பிளாஸ்டிக் என்று பாருங்கள். பிவிசி கவரில் ஜெராக்ஸ் எழுத்து ஒட்டிக்கொள்ளும். தாளை வெளியே எடுத்தால் வரிகள் தலைகீழாகக் கவரில் இருக்கும். பாலியெஸ்டர் கவர் வாங்குங்கள். ஊதா மையில் ஸ்பிரிட் டூப்ளிகேட்டர் (ஜெராக்ஸுக்கு முந்தைய நகலெடுக்கும் கருவி) பிரதிகள் இருந்தால் வெளிச்சமே படக்கூடாது, வெளிறிப்போகும். ஸ்டேப்ளர் பின்னைச் சுற்றிப் பழுப்பு வட்டம் தெரிந்தால் அது துரு. பிடித்து இழுக்காதீர்கள். பின்பக்கம் கால்களை மெல்ல நிமிர்த்திவிட்டு எடுத்து, அதே ஓட்டையில் நூல் கோத்துத் தையுங்கள்.

கேள்வி: விலை எவ்வளவு போகும்?

பழம்புத்தக வியாபாரியிடம் கேளுங்கள்.

கேள்வி: பிரெஞ்சு எழுத்தாளர் கி தெபோரும் டேனிஷ் ஓவியர் ஆஸ்கர் யோர்னும் 1959-ல் போட்ட நூலுக்கு உப்புத்தாள் அட்டை. பக்கத்துப் புத்தகத்தைக் கீறத்தானே அது? பெட்டியில் வைப்பது அவர்களை வாயடைப்பது இல்லையா?

இந்த ஒரு நூலுக்காக நான்கு பேர் எழுதிச் சண்டைக்கு வந்துவிட்டீர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பெட்டிக்குள் போனால் அந்த நூலின் வம்பு பாதி போய்விடும் என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் நிற்பதும் யாரோ ராத்திரி பகலாகக் கையால் தைத்த புத்தகம், அதைக் கீற நான் யார்? பெட்டியில் வைப்பேன். மாணவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுத்து, அட்டையைத் தடவிப் பார்க்கவும் சொல்வேன். உப்புத்தாளின் சொரசொரப்பு கண்ணாடிப் பேழைக்குள் தெரியாது. பூட்டியே வைத்திருக்க வேண்டும் என்று எழுதிய நண்பரோடு எனக்கு உடன்பாடே இல்லை: கையில் எடுத்துப் படிக்கத்தான் கலைஞர் அதைப் புத்தகமாகச் செய்தார்.

கேள்வி: அட்டையை மட்டுமாவது லேமினேட்...

மேலே பாருங்கள்.

கேள்வி: இதழில் எண்ணும் தேதியும் இல்லை, எப்படிப் பதிவது?

தெரிந்ததை எழுதுங்கள்: அளவு, தாள், மை, தையல், உள்ளே செருகியவை. ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு போடுங்கள்.

கேள்வி: ஆண்டு வாரியாகச் சேர்த்து பைண்டிங் செய்தால் பத்திரமாக இருக்காதா?

வேண்டவே வேண்டாம். ஓரம் வெட்டும்போது விளிம்பில் வரைந்தது போகும், உள்மடிப்பில் எழுதியதைத் தையல் விழுங்கும். ஒவ்வொரு இதழையும் அமிலமில்லாத உறையில் தனித்தனியாகப் போட்டு, பெட்டியில் படுக்க வையுங்கள்.