காப்பாற்றினால் என்ன கிடைக்கும்?

அன்புள்ள சார்,

நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை ஆட்டத்தை விளையாடுகிறோம். நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவர். சண்டை என்று வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டுமே என்று நானே ஒரு மாய மோதிரத்தை உருவாக்கி, கிளெரிக்காக, அதாவது குணப்படுத்தும் பூசாரியாக, ஆடுபவரிடம் கொடுத்தேன். விழுந்த கூட்டாளியை எழுப்பினால் ஒரு புள்ளி, கூட்டாளி மேல் வரும் தாக்குதலைத் தடுத்தால் ஒரு புள்ளி. ஐந்து புள்ளி சேர்ந்ததும் மோதிரத்திலிருந்து ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்து மந்திரம் ஒன்றை வீசலாம்.

இப்போது கிளெரிக் யாருக்கும் வைத்தியமே பார்ப்பதில்லை. “நீ முதல்ல விழு, அப்புறம் எழுப்புறேன்” என்கிறார். போன வாரம் ரோக், அதாவது திருடனாக ஆடுபவர், வேண்டுமென்றே தனியாகப் போய் கோப்ளின் என்ற குட்டி அரக்கர் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். உதவிக்குப் பரிசு வைத்ததே தப்பா? மோதிரத்தைப் பிடுங்கிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிடுங்காதீர்கள். உங்கள் கிளெரிக் விதிகளை நன்றாகப் படித்தவர், அவ்வளவுதான். ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பில் ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, 0-க்குக் கீழே இறங்காது (0 ஆனால் ஆள் மயங்கி விழுவார்). 3 பாயிண்டோடு நிற்பவர் 20 பாயிண்ட் சேதம் வாங்கினால் மீதி 17 பாயிண்டுக்குக் கணக்கே இல்லை; அந்த மீதி அவருடைய முழு ஹிட் பாயிண்டை எட்டினால்தான் நேராகச் சாவு. விழுந்தவரை 60 அடி தூரத்திலிருந்து ஹீலிங் வேர்ட் என்ற குணப்படுத்தும் மந்திரம் போட்டு எழுப்பிவிடலாம், அதற்கு முக்கியச் செயலைச் செலவழிக்காத ஒரு போனஸ் ஆக்‌ஷன் போதும். ஆக, முன்கூட்டியே குணப்படுத்துவதைவிட விழவிட்டு எழுப்புவது ஏற்கெனவே லாபமான வேலை. உங்கள் மோதிரம் அந்த லாபத்தின் மேல் ஒரு ஃபயர்பாலையும் வைத்துவிட்டது.

இந்த ஆட்டத்தில் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் ஆட்கள் செய்வார்கள். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த முதல் பதிப்பில், வெளியே எடுத்து வந்த ஒவ்வொரு பொற்காசும் நிலை உயரத் தேவையான ஓர் அனுபவப் புள்ளி. அதனால் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் டிராகனோடு சண்டை போடுவதைவிட, அது தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்தான் குறியாக இருந்தார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை, எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கவும் செய்யும். 2008-இல் வந்த நான்காம் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேடு உங்களுடையதைப் போன்ற ஒரு சிக்கலை நேரடியாகவே பேசுகிறது. எதிரியை அடித்தால் கூட்டாளி குணமாகும் சக்திகள் அதில் உண்டு. ஒரு மூட்டை எலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவற்றை அடித்துக் கூட்டாளிகளுக்கு வைத்தியம் பார்ப்பது செல்லாது, நிஜமாகவே ஆபத்தான எதிரியாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மேசையில் அந்த எலி மூட்டை ரோக்தான். பாவம், அவர் தானாகவே மூட்டைக்குள் ஏறிக்கொண்டார்.

சரி, பரிசே வேண்டாமா? வேண்டும். ஆனால் எங்கே வைப்பது என்பதற்கு, ஐந்தாம் பதிப்பின் 2014 டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் இருக்கும் இரண்டு கேடயங்களைப் பாருங்கள்.

முதலாவது ஏரோ-கேட்சிங் ஷீல்ட். உங்களுக்கு 5 அடிக்குள் நிற்கும் யாரையாவது குறிவைத்து அம்போ வேறு எதுவோ தூரத்திலிருந்து வந்தால், சுற்றுக்கு ஒருமுறை எதிர்வினையாகச் செய்யக் கிடைக்கும் உங்கள் ரியாக்‌ஷனைச் செலவழித்து அந்தத் தாக்குதலை உங்கள் மேல் திருப்பிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட தாக்குதல்களுக்கு எதிராக உங்கள் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படாமல் காக்கும் எண், 2 கூடும்.

இரண்டாவது ஷீல்ட் ஆஃப் மிசைல் அட்ராக்‌ஷன். கிட்டத்தட்ட அதே வேலைதான், தூரம் 10 அடி. வில், கவண் போன்ற ஆயுதங்களால் வரும் சேதம் உங்களுக்குப் பாதியாகும். ஆனால் இதைச் சபிக்கப்பட்ட பொருள் என்று போட்டிருக்கிறார்கள்! காரணம், இதில் உங்களைக் கேட்பதில்லை. 10 அடிக்குள் யாரை நோக்கி அம்பு வந்தாலும் அது உங்களிடம் வந்துவிடும், கேடயத்தைக் கீழே போட்டாலும் வரும். ஒரே செயலை விரும்பிச் செய்தால் வரம், விருப்பமில்லாமல் நடந்தால் சாபம் என்று இந்த ஆட்டமே பிரித்து வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். (சாபக் கேடயத்தைத் தெரிந்தே தூக்கிக்கொண்டு மந்திரவாதிக்குப் பக்கத்தில் நிற்கும் ஃபைட்டர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்வது!)

கவனியுங்கள், இரண்டிலும் புள்ளிக் கணக்கு கிடையாது. காப்பாற்றுகிற அந்த நொடியிலேயே, காப்பாற்றுவதைத் தாங்கிக்கொள்ளும் பலம்தான் கிடைக்கிறது: ஒன்றில் கூடுதல் ஆர்மர் கிளாஸ், மற்றதில் பாதிச் சேதம். பிற்பாடு எடுத்துச் செலவழிக்க எதுவும் சேருவதில்லை.

அப்புறம் தூரம். உங்கள் முதல் குறை, ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள் என்பதுதானே? மோதிரம் அதைத் தொடவே இல்லை, ஏனென்றால் 60 அடி தள்ளி நின்றும் புள்ளி சேர்க்கலாம். ஹோலி அவெஞ்சர் என்ற மாய வாளை உருவி நிற்கும் பாலடின் என்ற புனித வீரரைச் சுற்றி 10 அடிக்குள் இருக்கும் நண்பர்களுக்கு, மந்திரத்துக்கு எதிரான சேவிங் த்ரோக்களில் (பாதிப்பிலிருந்து தப்ப உருட்டும் பகடை) அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி அதிகமானதை எடுப்பது) கிடைக்கும். யாரும் சொல்லாமலே எல்லோரும் அவர் பக்கத்தில் வந்து நிற்பார்கள். வார்டிங் பாண்ட் மந்திரத்தில் இருவர் ஆளுக்கொரு பிளாட்டினம் மோதிரம் போட்டுக்கொள்கிறார்கள். காக்கப்படுபவருக்கு எல்லாச் சேதமும் பாதியாகிறது, அவர் வாங்கும் அளவு காப்பவருக்கும் விழுகிறது. 60 அடிக்கு மேல் விலகினால் மந்திரம் முறிந்துவிடும். உங்கள் மோதிரத்துக்கு வம்சம் தேடினால் இதுதான்.

அதனால் மோதிரத்தை இப்படி மாற்றிப் பாருங்கள். அணிந்தவர், 5 அடிக்குள் நிற்கும் கூட்டாளி மேல் ஒரு தாக்குதல் பட்டுவிட்டால், ரியாக்‌ஷன் செலவழித்து அதைத் தான் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சேதம் அவருக்குப் பாதி. அப்படி வாங்கியதும் மோதிரத்தில் ஒரு சார்ஜ் ஏறும், ஆனால் அதைப் பயன்படுத்தும் உரிமை காப்பாற்றப்பட்டவருக்கு மட்டும்: ஏதாவது ஒரு தாக்குதலிலோ சேவிங் த்ரோவிலோ ஒரு டி4 (நான்கு பக்கப் பகடை) கூட்டிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் மூன்று சார்ஜுக்கு மேல் நிற்காது, விடிந்தால் எல்லாம் காலி. எழுப்புவதற்குப் புள்ளி கிடையாது. எலி மூட்டை வாக்கியத்தையும் அப்படியே சேர்த்துவிடுங்கள்.

இதில் பேசி வைத்துக்கொண்டு ஏமாற்றுவது கஷ்டம். ஒரு டி4-க்காகச் சொந்த ஹிட் பாயிண்டை இழக்க வேண்டும், அதுவும் சுற்றுக்கு ஒரு ரியாக்‌ஷன்தான். பலன் அடுத்தவருக்குப் போனால் யார் இதை அணிவார்கள் என்று கேட்பீர்கள். அணிவார்கள். அணிந்தவர் ஏற்றிய சார்ஜை வைத்து இன்னொருவர் பகடைக் கணக்கில் 19-ஐ 21 ஆக்கும்போது மேசையில் எல்லோரும் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்? அதற்காகவே பலர் ஆடுகிறார்கள்.

இதை ரேர் (அரிய பொருள்) வகையில் வையுங்கள், அட்டியூன்மென்ட் (பொருளை ஒருவர் தன்னோடு பிணைத்துக்கொள்வது) கட்டாயம். 2014 கையேடு ரேர் பொருள்களை 5-ஆம் நிலையிலிருந்துதான் பரிந்துரைக்கிறது. உங்கள் ஆட்கள் அதற்குக் கீழே என்றால், நாளுக்கு மூன்று தடவைதான் சேதத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று வரம்பு போட்டுவிடுங்கள். விதியை நடுவில் மாற்றுவதை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், கதைக்குள் நைசாக மாற்றினால் கிளெரிக் கோபித்துக்கொள்வார்.

ரோக் விஷயத்துக்குத் தனி வைத்தியம் உண்டு. விழுந்துகிடப்பவரை 5 அடிக்குள் நின்று தாக்கினால், பட்ட அடி கிரிட்டிகல் (பலத்த அடி), இரண்டு டெத் சேவிங் த்ரோ (சாவிலிருந்து தப்ப உருட்டும் பகடை) தோல்வி. மூன்று ஆனால் ஆள் காலி. அந்த அளவுக்குப் போகாதீர்கள். அடுத்த தடவை அவர் தனியாகப் போய் விழுந்தால், கோப்ளின்கள் அவரைக் கொல்லாமல் தூக்கிக்கொண்டு குகைக்குள் ஓடட்டும். ஹீலிங் வேர்டுக்கு ஆள் 60 அடிக்குள்ளும் இருக்க வேண்டும், கண்ணிலும் பட வேண்டும்.